கஞ்சி மட்டும் கொடுத்தால் தெம்பு வருமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 61. விவசாயி. இரைப்பையில் புற்றுநோய் என்று முழு இரைப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து நான்கு வாரம் ஆகிறது. 60 கிலோ இருந்தவர் இப்போது 50 கிலோ. அடுத்து கீமோ என்கிறார்கள். ‘தையல் போட்ட உடம்பு, முட்டை மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும்’ என்று மாமியார் நொய்க்கஞ்சி மட்டும் கொடுக்கிறார். பார்க்க வந்த சொந்தக்காரர், எதிர்ப்புச் சக்திக்கு என்று ஒரு பவுடரை வாங்கச் சொல்கிறார், டப்பா 2,400 ரூபாய். மாமனாரோ பழைய சோறு கேட்கிறார். நான் எதைக் கொடுப்பது?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: முதலில் அந்தப் பத்தியத்தை நிறுத்துங்கள் அம்மா. உங்கள் மாமியார் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் முட்டையாலும் மீனாலும் தையல் சீழ் பிடிப்பதில்லை. புண் ஆறுவதற்கும், கிருமியை எதிர்க்கும் அணுக்கள் உருவாவதற்கும் உடம்புக்கு வேண்டிய சரக்கு புரதம். அது வராவிட்டால் உடம்பு தன் சதையையே கரைத்து எடுத்துக்கொள்ளும்.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். டயட்டீஷியனாக வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பாபநாசத்தில் இருந்த என் பெரியப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். வீட்டுப் பெரியவர்கள் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தும் அவர்களை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. மூன்றாவது வாரம் போனபோது கணுக்கால் வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. தையலின் ஒரு ஓரம் ஈரமாகவே இருந்தது. அன்று சாயங்காலம் நானே முட்டையை வேகவைத்து, மசித்து, ஸ்பூனால் ஊட்டினேன். புண் ஆறியது. ஆனால் அந்த மூன்று வாரம் அவர் பட்ட பாட்டுக்கு நானும் பொறுப்பு என்று இன்றுவரை நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். இந்த நிலையில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோவுக்கு 60 முதல் 75 கிராம். நொய்க்கஞ்சி நாலு டம்ளர் குடித்தாலும் பத்து கிராம் தேறுவது கஷ்டம். இரண்டு முட்டையில் 12 கிராம் இருக்கிறது. முள் நீக்கி வேகவைத்த மீன் 100 கிராமில் 20 கிராம் வரை வரும். விரால் கிடைத்தால் நல்லது, நாகப்பட்டினத்து மத்தி வந்தால் அதில் ஒமேகா 3 கொழுப்பும் சேரும். சம்பா அறுத்த வயலில் விளைந்த உளுந்தும் பச்சைப்பயறும் வீட்டில் இருக்குமே, தோல் நீக்கிக் குழைய வேகவையுங்கள். அப்புறம் தயிர். பால் கொடுத்து வயிறு கலங்கினால் பாலை விட்டுத் தயிரோடு நிறுத்திக்கொள்ளலாம். கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அதிலேயே பருப்பை மசித்துக் கலந்து, முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக வேகவிடுங்கள். மாமியாருக்கும் மனசு சமாதானமாகும்.

இரைப்பை இல்லாததால் மூன்று வேளைச் சாப்பாடு இனி ஒத்துவராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு சின்னக் கிண்ணம். நன்றாக மென்று, நிதானமாக. தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இனிப்பில் ரொம்பக் கவனம். இரைப்பையை எடுத்த பிறகு வளைகாப்புக்குப் போய் ஒரு கிண்ணம் வெல்லப் பாயசம் குடித்த ஒருவரை எனக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் புரட்டிக்கொண்டு பேதி. மாரடைப்பு என்று வீடே அலறியது. இரைப்பையில் தங்கி மெல்ல இறங்க வேண்டிய இனிப்பு, நேரே சிறுகுடலில் கொட்டியதால் வந்த வினை. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி மயக்கமும் வரும். சர்க்கரை தூக்கலான காபியும் அதே ரகம்தான்.

பழைய சோறு கேட்கிறார் என்று படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆயுசு முழுக்க வயலுக்குப் போகும் முன் அதைக் குடித்தவர். ஆனாலும் இப்போது வேண்டாம். இரைப்பையின் அமிலம்தான் சாப்பாட்டோடு வரும் கிருமியைக் கொல்லும் காவல், அது இப்போது இல்லை. கீமோவில் வெள்ளை அணுக்களும் குறையும். இரவு முழுக்க ஊறிய சோறு அந்த நேரத்துக்கு ஆகாது. சூடான சோற்றைக் குழைத்து, அன்றைக்குத் தோய்த்த தயிர் விட்டு, அவர் பழகிய அதே கும்பாவில் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும்.

அந்தப் பவுடர் வேண்டாம். அந்த 2,400 ரூபாயில் முட்டையும் மீனும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போடுங்கள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்கும் புரத மாவு வேறு, அதைத் தவறாமல் கொடுங்கள். இன்னொன்று, வைட்டமின் பி12 ஊசி. இந்தச் சத்தைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணையான பொருள் இரைப்பையில்தான் சுரக்கும். முழு இரைப்பையும் எடுத்தவருக்கு ஆயுசுக்கும் பி12 தேவை. ஈரலில் பழைய இருப்பு சில வருஷம் ஓடும் என்பதால் குறை உடனே தெரியாது, பிறகு ரத்தசோகையும் கால் மரத்துப்போவதுமாக வரும். அடுத்த தடவை போகும்போது இதையும், இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த மாதம் இரைப்பையில் ஆபரேஷன். முன்கூட்டியே உடம்பைத் தேற்ற முடியுமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும், அதற்கான நேரமும் இதுதான். அர்ஜினின் (புரதத்தின் ஒரு கூறு), ஒமேகா 3 கொழுப்பு, நியூக்ளியோடைடு (அணுக்கள் பெருகத் தேவையான பொருள்) சேர்ந்த சிறப்புப் பானத்தை ஆபரேஷனுக்கு முன் ஐந்து முதல் ஏழு நாள் சில மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். பிறகு கிருமித் தொற்று குறைய அது உதவும் என்பதற்காக. அம்மாவுக்குத் தேவையா என்று சர்ஜனைக் கேளுங்கள், நீங்களாக வாங்க வேண்டாம். ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மிகவும் மெலிந்தவர்களுக்கு ஆபரேஷனை ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைத்து முதலில் ஊட்டம் கொடுப்பதும் உண்டு. நாளைக்கே அம்மாவின் எடையைப் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.