பி.வி.சி. குழாயில் புல்லாங்குழல்: வாசகர் கேள்வி பதில்

கே: பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவாகப் புல்லாங்குழல் செய்துகொடுக்க எந்தக் குழாய் வாங்கலாம்? துளை அளவுகள் என்ன? (திண்டுக்கல்)

ப: அரை அங்குல யு.பி.வி.சி. (கெட்டியான பி.வி.சி.), 'ஷெட்யூல் 40' (குழாய்ச் சுவரின் கனத்தைக் குறிக்கும் தரம்) என்று கேளுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 16 மி.மீ. வாயில் வைக்கிற பொருள், எனவே குடிநீருக்கானது, ஈயம் இல்லாதது என்று அச்சிட்டதையே வாங்க வேண்டும். இடித்த வீட்டுப் பழைய குழாய், மின்கம்பி ஓட்டும் குழாய் இரண்டும் வேண்டாம். 3 மீட்டர் குழாயில் 330 மி.மீ. துண்டுகள் ஒன்பது வரும்.

ஒரு முனையிலிருந்து 35 மி.மீ. தள்ளி ஊதும் துளை: நீளவாக்கில் 11, குறுக்கே 9 மி.மீ. நீள்வட்டம். அந்த முனையை அடைக்கப் பழைய ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய இரண்டு துண்டுகள் போதும். அடைப்பின் முகம் ஊதும் துளையின் நடுவிலிருந்து 16 மி.மீ.யில் நிற்கட்டும். பசை இப்போது போடாதீர்கள்.

அடுத்து சுருதி. கைப்பேசியில் சுருதியைக் காட்டும் ட்யூனர் செயலியை வைத்துக்கொண்டு ஊதினால் சி சுரத்துக்கு (523 ஹெர்ட்ஸ்) சற்றுக் கீழே ஒலிக்கும். திறந்த முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து ஏற்றுங்கள். ஒரு மி.மீ. குறைத்தால் ஏறக்குறைய 5 சென்ட் ஏறும். அரை சுரம் என்பது 100 சென்ட். வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் அவசரப்படாதீர்கள்.

சுருதி சேர்ந்தபின், திறந்த முனையிலிருந்து 56, 83, 100, 126, 150, 170 மி.மீ.யில் குறியிடுங்கள். முடிவில் நிற்க வேண்டிய விட்டம் அதே வரிசையில் 7, 8, 6, 7, 7, 7. எல்லாவற்றையும் முதலில் 5 மி.மீ. டிரில் பிட்டில் போட்டு, அடித்துளையிலிருந்து மேலே ஒவ்வொன்றாக வட்ட அரத்தால் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் சுரம் ஏறும். மீறி ஏறிவிட்டால் துளையின் ஓரத்தில் தேன்மெழுகு அப்பி இறக்கலாம். வரிசை கோணாமல் இருக்க, குழாயை எல் ஆங்கிள் இரும்பில் கிடத்தி அதன் விளிம்போடு பென்சில் கோடு இழுங்கள்.

கே: இதில் கர்நாடக இசை வாசிக்கலாமா? (நாகர்கோவில்)

ப: பழக்கத்துக்குத் தாராளமாக. ஊதும் துளைக்கு அருகிலுள்ள இரண்டு துளைகளை மட்டும் மூடினால் வரும் சுரத்தை ஸட்ஜமாக (ச) கொண்டால் சுருதி 5 கட்டை, கிடைப்பது ஹரிகாம்போதி ராகம். கச்சேரிக் குழலில் எட்டுத் துளை, இதில் ஆறுதான். மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், மத்தியமத்தோடு (ம) நின்றுவிடும்.

கே: மூங்கிலில் போல் பழுத்த கம்பியால் சுட்டுத் துளைக்கலாமா? (தஞ்சாவூர்)

ப: கூடவே கூடாது. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். துளையும் உருகிப் பிதுங்கும். கை டிரில்லே போதும். தூள் பறக்கும், முகக்கவசம் போடுங்கள்.

கே: எவ்வளவு ஊதினாலும் வெறும் காற்றுச் சத்தமே வருகிறது. (மதுரை)

ப: முக்கால்வாசி ஊதும் துளையின் உள்விளிம்பில் தொங்கும் பிசிறுதான் காரணம். உதட்டுக்கு எதிர்ப்பக்க விளிம்பு கூர்மையாக, சுத்தமாக இருக்க வேண்டும். அதை உப்புத்தாளால் மழுக்கிவிட்டால் காற்று பிளவுபடாது. விரல் துளைகளின் ஓரத்தை மட்டும் மழுக்குங்கள். கீழ் ஸ்தாயி சரியாகப் பேசி மேல் ஸ்தாயி இறங்கியிருந்தால், அடைப்பை ஒரு மி.மீ. உள்ளே தள்ளிப் பாருங்கள்.

கே: ஒரே குழலைப் பல பிள்ளைகள் ஊதலாமா? (திருச்சி)

ப: ஆளுக்கொன்று கொடுப்பதே நல்லது, பெயரை அழியாத பேனாவில் எழுதிவிடுங்கள். கைமாற வேண்டியிருந்தால் சோப்புக் கரைசலில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் ஆகாது, ஏறத்தாழ 80 டிகிரியிலேயே குழாய் இளகி வளைந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள்.