போர்டு கேம் கேள்வி-பதில்: நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு அட்டைப் பெட்டியா?

கேள்வி: கேரம் போர்டும் பரமபதமும் வீட்டில் இருக்கும்போது கேட்டான் என்ற போர்டு கேமுக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுப்பது அநியாயம் இல்லையா?

பதில்: முழு அளவில் ஒரு நல்ல கேரம் போர்டு வாங்கப் போய்ப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட அந்த விலைதான். விலையை விடுங்கள். யாரோடு ஆடப் போகிறீர்கள்? அடிப்படைப் பெட்டி மூன்று, நான்கு பேருக்கானது. மாதம் ஓரிரு தடவையாவது உட்கார ஆள் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தாலும் தண்டம்.

கேள்வி: நாலு பேர் சினிமா போகிற செலவைக் கணக்குக் காட்டி, கேம் வாங்க வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். கணக்கு சரிதானே?

பதில்: இருபது தடவை ஆடினால் சரி. எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதிப் பெட்டிகள் மூன்று தடவைக்கு மேல் திறக்கப்பட்டதில்லை. அந்தக் கணக்கில் சினிமாவே மலிவு.

கேள்வி: குளூம்ஹேவன்தான் உலகத்திலேயே சிறந்த கேம் என்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் நான், மனைவி, ஐந்து வயதுப் பையன்.

பதில்: பையனையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்தீர்களா? 14. எடை பத்துக் கிலோ, சாகசக் கதை 95 கட்டங்களாக ஓடும், ஒவ்வொரு முறையும் எடுத்து அடுக்கவே அரைமணி நேரம் போகும். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் அதன் தம்பியான 'ஜாஸ் ஆஃப் தி லயன்' வாங்குங்கள். 25 கட்டங்கள், வரைபடம் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது, முதல் ஐந்து கட்டங்கள் ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுக்கும். பெரியதன் விலையில் பாதிகூட இதற்கு ஆகாது. அது முடிந்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் பெரியதைப் பற்றி எழுதுங்கள்.

கேள்வி: போர்டு கேம்களுக்கு மதிப்பெண் போடும் போர்டுகேம்கீக் தளத்தில் 'வெயிட் 3.8' என்று போட்டிருந்தால் எங்களுக்குப் புரியுமா?

பதில்: ஐந்துக்கு எவ்வளவு கடினம் என்று ஆடியவர்கள் போட்ட ஓட்டின் சராசரி அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய, கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் 'கோ' கூட அங்கே நாலை ஒட்டித்தான் நிற்கிறது. விதி நிறைய இருப்பது வேறு, யோசிக்க நிறைய இருப்பது வேறு. முன்னதற்குத்தான் பயப்பட வேண்டும். முதல் பெட்டி என்றால் இரண்டரைக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: கேட்டான் வாங்கி ஏமாந்தோம். மூன்றரை மணி நேரம் இழுத்தது. ரூல் புக் நீளமாக இருந்ததால் யூடியூபில் கொஞ்சம் பார்த்துவிட்டு ஆரம்பித்தோம். ஒருவருக்கொருவர் கார்டு மாற்றுவது குழப்பமாக இருந்ததால் அதை மட்டும் எடுத்துவிட்டோம். இதற்கா 1995-இல் ஜெர்மனியில் விருது கொடுத்தார்கள்?

பதில்: 'அதை மட்டும்' எடுத்துவிட்டீர்கள்! கேட்டானில் மீதி என்ன இருக்கிறது சொல்லுங்கள்? ஒரு குடியிருப்பு கட்ட மரம், செங்கல், ஆடு, கோதுமை கார்டு நாலும் வேண்டும். தொடக்கத்தில் உங்களுக்கு இருப்பதோ இரண்டே குடியிருப்பு, பகடையில் அவற்றை ஒட்டிய நிலத்தின் எண் விழுந்தால்தான் வரவு. ஆடு குவிந்து கிடக்கிறவர் செங்கல்காரரிடம் பேரம் பேசித்தான் நகர முடியும். பேரம் இல்லையென்றால் வங்கியில் நாலுக்கு ஒன்று, துறைமுகம் பிடித்திருந்தால் மூன்றுக்கோ இரண்டுக்கோ ஒன்று. அப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு விழும், கையில் ஏழு கார்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைக் கீழே வைக்க வேண்டும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மூன்றரை மணி நேரம் ஆனதில் என்ன ஆச்சரியம்? ஒழுங்காக ஆடினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் யாராவது ஜெயிக்க வேண்டிய பத்துப் புள்ளியை எடுத்துவிடுவார்கள்.

இந்த வியாதி பழையது. மோனோபொலி முடியவே முடியாது என்று புலம்பாத வீடு உண்டா? ஒருவர் வந்து நின்ற இடத்தை வாங்கவில்லை என்றால் உடனே ஏலம் விட வேண்டும் என்று விதியில் இருக்கிறது. எத்தனை பேர் விட்டிருக்கிறீர்கள்? அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, 'ஃப்ரீ பார்க்கிங்'கில் நிற்பவர் அள்ளிக்கொள்வது விதியிலேயே கிடையாது. திவாலாக வேண்டியவருக்கு அது ஓசிப்பணம், ஆட்டம் நள்ளிரவு வரை இழுக்கும். பிறகு கேம் மோசம் என்று எனக்குக் கடிதம். வீட்டில் ஒரே ஒருவர், முந்தின நாளே, ரூல் புக்கை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு பிரித்துப் படிக்காதீர்கள். போன தடவையும் இதைத்தான் எழுதினேன், அடுத்த தடவையும் எழுதுவேன்.

கேள்வி: கடையில் விற்கிற அதே 'ஸ்ப்ளெண்டர்' கேம் ஆன்லைனில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: 'அதே' இல்லை, போலி. கார்டுகளின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, கட்டுக்கு மேல் என்ன கார்டு என்று இரண்டாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆடும்போதே கார்டைக் கிழிக்கச் சொல்லும் 'பாண்டெமிக் லெகஸி' கேமுக்கு யாராவது காசு கொடுப்பார்களா?

பதில்: கொடுக்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் தொடரும் அதன் கதை முடிய 12 முதல் 24 ஆட்டம் பிடிக்கும். அதே நாலு பேர் கடைசி வரை வருவார்களா என்பதுதான் கேள்வி. மறுபடியும், யாரோடு ஆடப் போகிறீர்கள்?

கேள்வி: விடுமுறைக்கு எட்டு, ஒன்பது பேர் கூடுவோம். பாட்டியும் உண்டு. அதிகம் செலவழிக்க முடியாது.

பதில்: இப்படித்தான் ஐயா கேட்க வேண்டும். '6 நிம்ட்' என்ற சீட்டாட்டம் வாங்குங்கள். 1994-இல் வந்தது, எண் போட்ட வெறும் 104 சீட்டு, வெளிநாட்டில் பத்துப் பதினைந்து டாலர், பத்துப் பேர் வரை ஆடலாம். ஆளுக்குப் பத்துச் சீட்டு, மேஜையில் நாலு வரிசை. எல்லாரும் ஒரு சீட்டை மறைத்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும், சின்ன எண்ணிலிருந்து ஆரம்பித்து வரிசையில் சேர்க்க வேண்டும். ஒரு வரிசையில் ஆறாவது சீட்டு யாருடையதோ, அவர் முன்னால் உள்ள ஐந்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும். சீட்டில் உள்ள மாட்டுத் தலைகள்தான் அபராதப் புள்ளி. 55-ஆம் எண் சீட்டில் மட்டும் ஏழு தலை, அதைப் பாட்டி பக்கம் தள்ளிவிடப் பாருங்கள், முடியாது.