முன்கதவுப் பூட்டு: முழுசா மாத்தணுமா, சிலிண்டர் மட்டும் போதுமா?

கிருஷ்ணகிரியில் பழைய வீடு வாங்கியிருக்கிறீர்கள், பழைய சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றனவோ என்பது உங்கள் கவலை. கதவுக்குள் பதித்த மார்ட்டிஸ் பூட்டில் தனி சிலிண்டர் (சாவி நுழையும் பகுதி) இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கதவைத் திறந்து வைத்து, அதன் விளிம்பில் சாவித்துளைக்கு நேராக உள்ள நீளத் திருகைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு லேசாகத் திருப்பியபடி இழுத்தால் சிலிண்டர் வரும். வரவில்லையென்றால், சாவியோடு சுழலும் அதன் நடு நாக்கு எங்கோ தட்டுகிறது. சுத்தியலைத் தொடாதீர்கள், சாவியை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

புது சிலிண்டர் வாங்க, பழையதை அதன் திருகுத்துளையிலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். 60 மி.மீ. என்று மட்டும் சொன்னால் 30-30ஆ, 25-35ஆ என்று கடைக்காரருக்குத் தெரியாது. பழையதையே கையோடு கொண்டுபோவது உத்தமம். புதியது வெளிப்பக்கம் 3 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் திருடர் பிளையரில் பிடித்து முறித்துவிடலாம்.

கைப்பிடியும் மாற்றுவதானால், அதன் அச்சுக்கும் சாவித்துளைக்கும் உள்ள தூரம் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் தச்சரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

கதவைச் சாத்துமுன் நாலைந்து முறை பூட்டிப் பாருங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். கிராஃபைட் பொடி போதும்.