வாசகர் கேள்வி: அடுக்கு ரெசின் கட்டையில் மூன்று சிக்கல்கள்

கேள்வி: மூன்று நிறங்களில் எப்பாக்சி ரெசினை (ஹார்டனர் என்ற இறுகவைக்கும் திரவத்தோடு கலந்து வார்க்கும் பிசினை) அடுக்கடுக்காக ஊற்றிக் கட்டை வார்த்தேன். லேத்தில் கடைசல் பிடிக்கும்போது நீல அடுக்கு வெள்ளை அடுக்கை விட்டுப் பிளந்து வந்துவிட்டது. ஒவ்வோர் அடுக்கையும் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்துத்தான் ஊற்றினேன். தவறு எங்கே?

பதில்: நன்றாகக் காயவைத்ததுதான் தவறு. அரைகுறையாக இறுகிய ரெசின்மேல் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் வேதிமுறையில் பிணைந்து ஒரே கட்டையாகும். முழுக்க இறுகியபின் ஊற்றினால் வழுவழுப்பான பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவே. உளி சற்றே மாட்டினாலும் போதும், பிரிந்துவிடும்.

பதம் பார்ப்பது இப்படி. கையுறை போட்ட விரலால் ஓரத்தில் மெல்லத் தொடுங்கள். ரேகைபோல் தடம் பதிய வேண்டும், கையுறையில் ரெசின் ஒட்டக் கூடாது. நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தால் இன்னும் பொறுங்கள். இப்போது ஊற்றினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும். நகம் பதியாவிட்டால் நேரம் கடந்துவிட்டது. இந்தப் பதம் சில ரெசினுக்கு 4 மணி நேரத்தில் வரும். ஆழ வார்ப்புக்கான மெதுவான வகைக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அறை குளிர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே மணிக்கணக்கைவிட விரலை நம்புங்கள்.

தவறவிட்டாலும் கட்டை வீணாகாது. சில ரெசின்கள் இறுகும்போது மேலே மெழுகுபோல் ஒரு படலம் படரும். முதலில் அதைத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பிறகு 120-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு ஓரிடத்திலும் மிஞ்சாதபடி தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் ஊற்றுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகையே கீறல்களுக்குள் அப்பிவிடுவீர்கள்.

கேள்வி: 40 மி.மீ. சதுரம், 150 மி.மீ. நீளம் உள்ள கட்டைக்கு எவ்வளவு ரெசின் வேண்டும்? மினுமினுப்புக்குச் சேர்க்கும் மைக்கா பொடி அடியில் படிவதைத் தடுப்பது எப்படி?

பதில்: மொத்தக் கொள்ளளவு 240 மி.லி. மூன்று சம அடுக்கு என்றால் அடுக்குக்கு 80. கப்பிலும் குச்சியிலும் ஒட்டிப்போவதைச் சேர்த்து 90 மி.லி. கலக்குங்கள், இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்ற 2:1 வகையானால் ரெசின் 60, ஹார்டனர் 30. இதற்கு 2 முதல் 3 கிராம் மைக்கா தாராளம். பொடியை அள்ளிக் கொட்டினால் மினுமினுப்பு கூடாது, கலவை சேறாகத்தான் தெரியும்.

மைக்கா ரெசினைவிடக் கனமானது. நீர்த்த நிலையில் ஊற்றினால் இறுகுவதற்குள் இறங்கிவிடும். தேன்பதம் வரும்வரை பொறுத்து, ஒருமுறை மெதுவாகக் கிளறி ஊற்றுங்கள். காத்திருக்கும் நேரத்தில் கப்பைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். குவிந்து கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். சூடு கைக்கு உறைத்தால் உடனே ஊற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் சிலவேளை புகையே கிளம்பும்.

கேள்வி: தராசில் 2:1 சரியாக நிறுத்துக் கலந்தும் கட்டை ரப்பராக வளைகிறதே?

பதில்: உங்கள் புட்டியில் உள்ள 2:1 கொள்ளளவு விகிதமா என்று பாருங்கள். ஹார்டனர் பொதுவாக ரெசினைவிட லேசானது. எடையில் 2:1 போட்டால் ஹார்டனர் கூடிவிடும். அப்படிக் கலந்தது எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது. தூக்கிப் போட்டுவிட்டு, அளவுக் கப்பில் புதிதாகக் கலக்குங்கள்.