துளசேந்திரபுரத்துப் பெருமையும் அமெரிக்க வாக்கும்: கேள்வி பதில்

பிறந்தது நீடாமங்கலம். பென்சில்வேனியாவில் 22 வருஷம் வேலை பார்த்து, அங்கே குடியுரிமையும் வாங்கி, இப்போது மன்னார்குடியில் இருக்கிறேன். 2020 அதிபர் தேர்தலில் அங்கே வாக்குச்சாவடிப் பணியாளராக இருந்தவன். இவை 2024 அதிபர் தேர்தலுக்கு முன் எழுதிய பதில்கள். ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸும் குடியரசுக் கட்சியின் ட்ரம்ப்பும் மோதிய அந்தத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளான நவம்பர் 5 அப்போது நெருங்கியிருந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன். யாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன். எதைப் பார்த்துப் போட வேண்டும் என்று சொல்வேன்.

மன்னார்குடியிலிருந்து: கமலா ஹாரிஸ் நம்ம துளசேந்திரபுரத்துப் பொண்ணு. டெல்டாக்காரன் அங்கே வேறு யாருக்குப் போடுவான்?

அந்த ஊர் தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல்லில் அவர் பெயரும் இருக்கிறது. நான் கையால் தொட்டே பார்த்திருக்கிறேன். தாத்தா பி.வி. கோபாலன் இந்த மண்ணுக்காரர், மத்திய அரசு அதிகாரியாக சாம்பியா வரை போனவர். அவர் மகள், அதாவது கமலாவின் அம்மா, சியாமளா 1958-ல், 19 வயதில், தனியாகக் கப்பலோ விமானமோ ஏறி பெர்க்லிக்குப் படிக்கப் போனதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் பெருமை வேறு, வாக்கு வேறு. ட்ரம்ப்புடன் 2024-ல் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜே.டி. வான்ஸின் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திரா. கோதாவரிக்காரரெல்லாம் அதற்காக அந்தப் பக்கம் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

டெக்ஸாஸிலிருந்து, சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி: எச்1பி வேலை விசாவில் 11 வருஷம் ஆச்சு அண்ணே. யார் வந்தா கிரீன் கார்டு கிடைக்கும்?

தம்பி, இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும். உங்களைக் காக்க வைத்திருப்பது, வேலைவழி கிரீன் கார்டில் (அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு. அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டம், அதிபர் கையெழுத்தால் மட்டும் மாறாது. 2019-ல் அதை நீக்கும் மசோதா கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. மேலவையான செனட்டில் அதை முன்வைத்தவர் குடியரசுக் கட்சியின் மைக் லீ, தோள் கொடுத்தவர் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ். 2020 டிசம்பரில் செனட் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்று சேரவில்லை, மசோதா செத்தது.

அதிபர் கையில் இருப்பது வேறு. ட்ரம்ப் 2020 ஜூனில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்1பி-யில் வருவதை ஓர் ஆணையால் நிறுத்தினார். அவரேதான் 2024 ஜூனில், கல்லூரியில் பட்டம் வாங்கும் வெளிநாட்டவருக்குக் கிரீன் கார்டு தர வேண்டும் என்றும் பேசினார். எச்1பி-காரர்களோடு எச்4 விசாவில் போகும் மனைவிமார் வேலை பார்க்கும் அனுமதி 2015-ல் ஒபாமா காலத்தில் வந்தது. ட்ரம்ப் காலத்தில் அதை எடுக்க முயற்சி நடந்து முடியாமல் போனது. 2021-ல் பைடன் அந்த முயற்சியையே கைவிட்டார். மேடைப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, பதவியில் இருந்தபோது செய்ததைப் பாருங்கள். வாக்கு உள்ள நண்பர்களிடம் அதே வாக்குச்சீட்டில் இருக்கும் செனட், கீழவைப் பெயர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வரிசை நகர்வது அவர்கள் கையில்.

நியூஜெர்ஸியிலிருந்து: கிரீன் கார்டு இருக்கு, வரி கட்டுறேன். ஓட்டுப் போடலாமா?

கூடாது. குடிமக்கள் அல்லாதவர் அதிபர் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகும். லைசென்ஸ் அலுவலகத்தில் வாக்காளர் பதிவுக் கட்டம் ஒன்று வரும், அதில் தெரியாமல்கூட 'ஆம்' போட்டுவிடாதீர்கள்.

கலிபோர்னியாவிலிருந்து: என் ஓட்டு வீண்தானே? நம்ம ஊர் மாதிரி நேரா எண்ணக் கூடாதா?

நம் ஊரிலும் குடியரசுத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லையே. 1987-ல் பட்டுக்கோட்டை பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் ஜெயித்ததும் எம்.பி., எம்.எல்.ஏ. வாக்கில்தான். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. அதுவும் 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து.

அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக வரும் மொத்தம் 538 தேர்வாளர்கள், ஜெயிக்க 270 வேண்டும். கலிபோர்னியாவுக்கு 54. மெய்ன், நெப்ராஸ்கா தவிர எங்கும் முந்தியவருக்கே அத்தனையும். அதனால் உங்கள் மாநிலத்தில் முடிவு முன்கூட்டியே தெரிகிறது, சரிதான். ஆனால் 2000-ல் ஃபுளோரிடாவில் வித்தியாசம் 537 வாக்கு. ஒரு கல்யாண மண்டபத்துப் பந்திக் கணக்கு அது. 2020-ல் ஜார்ஜியாவில் 11,779. அங்கே இருக்கும் உறவுக்காரரைக் கூப்பிட்டு, பதிவு சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து மறுபடியும்: கோதாவரியோடு சேர்க்காதீங்க. நம்ம ஆள் ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தா நம்ம பிள்ளைகளுக்குத் தெம்பு இல்லையா?
கூத்தாநல்லூரிலிருந்து: என்ன தெம்பு? அவர் தன்னைக் கறுப்பினப் பெண் என்றுதானே சொல்கிறார்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அப்பா ஜமைக்கா, அம்மா சென்னையில் பிறந்தவர். அவர் இரண்டையும் சொல்கிறார். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகாது. இதை வைத்து ஒருவரைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. தெம்பு உண்டு ஐயா, நான் மறுக்கவில்லை. துணை அதிபரானபோது அந்த ஊரில் கோலம் போட்டு வெடி போட்டார்களே, அந்தச் சந்தோஷம் உண்மை. ஆனால் அவர் சத்தியம் செய்வது அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு. 'நம்ம ஆள்' என்று போட்டு, பிறகு 'நமக்கு என்ன செய்தார்' என்று கேட்பது அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் ஏமாற்றம். உள்ளூர்த் தேர்தலில் தெருக்காரன், சாதிக்காரன் என்று போட்டுவிட்டு வாய்க்கால் தூர் வாரவில்லை என்று எத்தனை தடவை நொந்திருக்கிறோம்?

கூத்தாநல்லூரிலிருந்து: அப்ப ட்ரம்ப்தான் சரிங்கிறீங்களா?

நான் அப்படி எங்கே சொன்னேன்? மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: மகன் சொன்ன வேட்பாளருக்கு இங்கிருந்து பணம் அனுப்பலாமா?

கூடாது. வெளிநாட்டவர் தேர்தல் நன்கொடை தருவதைச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் தன் சொந்தப் பணத்தில் தரலாம்.

மிச்சிகனிலிருந்து: கிரீன் கார்டில் ஓட்டு...

இல்லை. மேலே சொல்லிவிட்டேன்.

மயிலாடுதுறையிலிருந்து: மகளுக்கு விசா ஸ்டாம்பிங் தேதி?

குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள் அம்மா.

தஞ்சாவூரிலிருந்து: யார் ஜெயிப்பார்?

பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடக்கு கரோலினா, அரிசோனா, நெவாடா. இழுபறியான இந்த ஏழு மாநிலங்களும் சொல்லும்.

பென்சில்வேனியாவிலிருந்து, சொந்த ஊர் கும்பகோணம்: அம்மாவும் நானும் குடியுரிமை வாங்கிட்டோம். தபால் ஓட்டில் என்ன கவனிக்கணும்?

2020-ல் சாயங்காலம், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியம்மா தபால் வாக்கைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். சீட்டை நேராக வெளி உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தார். உள்ளே வைக்க வேண்டிய ரகசிய உறை கைப்பைக்குள் மடித்துக் கிடந்தது. அப்படியே தபாலில் போயிருந்தால் எண்ணியிருக்க மாட்டார்கள். நேரில் வந்ததால், சீட்டையும் உறையையும் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, சாவடியிலேயே வாக்களித்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, வெளியே போய் மறுபடி கதவைத் திறந்து என்னைக் கும்பிட்டார். அடுத்த நாள் முழுக்க அவர் நினைவுதான்.

ஆகவே, சீட்டு ரகசிய உறைக்குள், ரகசிய உறை வெளி உறைக்குள். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும், அன்றைய தபால் முத்திரை போதாது. அம்மாவின் வெளி உறையில் அவர் கையெழுத்தும், அவர் கையெழுத்திட்ட தேதியும் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் பாருங்கள். பிறந்த தேதியை எழுதிவிடப் போகிறார்.