பந்து குழிக்குள் போகிறது, வெள்ளை எங்கோ போகிறது: தனியாளாகப் பூல் பழகுவது எப்படி?

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், கிளப்பில் 8 அடி பூல் டேபிளில் தனியாகப் பழகுகிறேன். சுமாரான கோணத்தில் இருக்கும் பந்துகளை பாக்கெட் செய்துவிடுவேன். ஆனால் அடுத்த பந்துக்கு வெள்ளைப் பந்து சரியான இடத்தில் நிற்பதே இல்லை. இருபது நிமிடம் போனால் கவனமும் கலைந்து, சும்மா அடித்துக்கொண்டிருக்கிறேன். துணைக்கு ஆள் இல்லாமல் எப்படிப் பழகுவது?

பதில்: நீங்கள் இரண்டு குறைகளைச் சொல்கிறீர்கள். எங்கள் பார்வையில் அவை ஒன்றுதான். வெள்ளை எங்கே போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யாமலே குனிந்து அடிக்கிறீர்கள். பந்து குழியில் விழுந்தால் போதும் என்ற அடியில் மனசுக்குப் பெரிய வேலை இல்லை. வேலை இல்லாத மனசு இருபது நிமிடம் தாங்கியதே பெரிய விஷயம். ஆகவே கவனத்துக்கென்று தனி மருந்து தேட வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் ஓர் இடம், ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் பத்து நிமிடம் டேபிளைத் தெரிந்துகொள்ளச் செலவாகட்டும். வெள்ளையை ஒரு முனையில் வைத்து, எதிர்க் குட்டைக் குஷனை, அதாவது குறுகிய பக்கத்து ரப்பர் விளிம்பை, தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, உங்கள் பக்கக் குஷனை ஒட்டி நிற்கும்படி பத்து முறை அடியுங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் எத்தனை நின்றது என்று எண்ணுங்கள். இது கை சூடேற்றுவதற்கு மட்டுமல்ல. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய துணியில் பந்து மெதுவாக ஓடும். ஏசி நன்றாக ஓடும் அறையில் அதே அடி ஒரு முழம் கூடப் போகும். நேற்றைய வேகத்தை இன்றைய டேபிளில் எதிர்பார்த்தால் மீதி ஐம்பது நிமிடமும் வீண்.

அடுத்தது ஸ்டாப் ஷாட். எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் தாண்டிப் போகிற பயிற்சி. ஒரு பந்தை மூலை பாக்கெட்டுக்கு நேர்க்கோட்டில் வையுங்கள். அதே கோட்டில் ஒரு டயமண்ட் தூரம் (டேபிள் விளிம்பில் சம இடைவெளியில் பதித்த புள்ளிகள்தான் டயமண்ட்) தள்ளி வெள்ளையை வையுங்கள். பந்து உள்ளே போக வேண்டும், வெள்ளை மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். ஐந்துக்கு நான்கு வந்ததும் இடைவெளியை இரண்டு டயமண்டாக்குங்கள், பிறகு மூன்று.

இதில் தவறுவதே பாடம். மோதியபின் வெள்ளை முன்னால் நகர்ந்தால், நீங்கள் கொடுத்த பின்சுழல் வழியிலேயே துணி உராய்வில் தீர்ந்து, பந்து உருள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் சற்றுக் கீழே அடிக்க வேண்டும், அல்லது வேகம் கூட்ட வேண்டும். பின்னால் வந்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையைவிடக் கீழே அடித்துவிட்டீர்கள். பக்கவாட்டில் நழுவினால் முழுப்பந்தாக மோதவில்லை. பாக்கெட்டின் வாய் அகலம் உங்கள் குறியின் பிழையை மறைத்துவிட்டது. நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுற்றினால், நடுவில் அடிப்பதாக நினைத்து இடமோ வலமோ அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பொசிஷன், அதாவது அடுத்த அடிக்கு வெள்ளை நிற்கும் இடம், கெடுவதற்கு இந்த அறியாத பக்கச் சுழல் (சைட் ஸ்பின்) தான் பெரிய காரணம், ஏனென்றால் குஷனைத் தொட்டதும் அது பந்தை வேறு திசைக்குத் திருப்பிவிடும்.

சந்தேகம் இருந்தால் வெள்ளைக்குப் பதில் ஒரு பட்டைப் பந்தை எடுங்கள். பட்டை செங்குத்தாக, நீங்கள் அடிக்கும் திசையிலேயே இருக்கும்படி வைத்து, எந்தப் பந்தையும் குறி வைக்காமல் மெதுவாக நேராக அடியுங்கள். பட்டை தள்ளாடாமல் உருண்டால் நடுவில்தான் அடித்திருக்கிறீர்கள். பிறகு பந்தை எடுத்துப் பாருங்கள், க்யூ குச்சியின் நுனியில் (டிப்) பூசிய சாக் பொடியின் அடையாளம் பட்டையின் எந்தப் பக்கம் பதிந்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். வெள்ளையை டேபிளின் நட்ட நடுவில் வையுங்கள். அடிக்க வேண்டிய பந்தை, வலது மூலையில் குட்டைக் குஷனிலிருந்து ஒரு டயமண்ட், நீளக் குஷனிலிருந்து ஒரு டயமண்ட் தள்ளி, இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். அந்த மூலை பாக்கெட்டில் போட்டால் ஏறக்குறைய அரைப்பந்து மோதல் (வெள்ளை அந்தப் பந்தின் பாதியை மறைத்து மோதுவது) வரும், அதாவது 30 டிகிரியை ஒட்டிய கோணம்.

இந்த ஒரே பந்தை மூன்று விதமாகப் போட வேண்டும். முதலில் ஸ்டன்: மோதும் நொடியில் வெள்ளை முன்னும் சுழலாமல் பின்னும் சுழலாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தால், பந்து போன திசைக்குச் செங்குத்தாகப் பிரிந்து குட்டைக் குஷனின் நடு டயமண்டைச் சற்றே தாண்டித் தொடும். அடுத்து ஃபாலோ: மெல்ல உருட்டி அடித்தால், வெள்ளை தான் வந்த கோட்டிலிருந்து 30 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் விலகி, அந்த மூலையிலிருந்து முதல் டயமண்டுக்கும் நடு டயமண்டுக்கும் இடையில் குஷனைத் தொடும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்தால் கிடைக்கும் கோணம் கிட்டத்தட்ட இதுதான். டேபிளுக்கு மேல் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது ட்ரா: கீழே அடித்து இழுத்தால் நடு டயமண்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் அகலமாகப் போகும். மூன்றிலும் பத்துப் பத்து. அடிக்கும் முன் எந்த டயமண்ட் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து டேபிள்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

திசை பிடிபட்டதும் வேகம். ஓர் ஏ4 தாள் போதும். 8 அடி டேபிளில் இரண்டு டயமண்டுக்கு இடையே 11 அங்குலம். தாளின் நீளம் 11.7 அங்குலம். அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். மேலே சொன்ன ஃபாலோ அடியை நாலைந்து முறை அடித்து, குஷன் தொட்டபின் வெள்ளை வரும் பாதையைப் பாருங்கள். அந்தப் பாதையில் தாளை நீளவாக்கில் விரியுங்கள். பந்து பாக்கெட்டில் விழுந்து, வெள்ளையும் தாளின் மேல் நின்றால் 1. பந்து விழாவிட்டால், வெள்ளை எங்கே நின்றாலும் 0. பத்துக்கு ஏழு வந்ததும் தாளைப் பாதிக்கு மடியுங்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் தாளைக் குறுக்காகத் திருப்பி இன்னொரு பத்து அடியுங்கள். மதிப்பெண் இறங்கும். நீளவாக்கில் 11.7 அங்குலம் வரை வேகப் பிழையைப் பொறுத்துக்கொண்ட தாள், குறுக்காக 8.3 அங்குலம்தான் பொறுத்துக்கொள்ளும். ஆட்டத்திலும் இதே கணக்குதான். அடுத்த பந்தை வசதியாக அடிக்கக்கூடிய பகுதி ஒரு நீண்ட ஆப்பு வடிவத்தில் இருக்கும். அதன் நீளத்தோடு வெள்ளையை வரவிட்டால், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பந்து கிடைக்கும். குறுக்கே வெட்டிப் போகவிட்டால் ஒரு சாண் பிசகியதுமே கோணம் போச்சு. பொசிஷன் கிடைக்காதவர்களில் பலருக்கு உண்மையில் வேகம் மோசமில்லை, பாதைத் தேர்வுதான் மோசம்.

பந்து வைக்கும் இடங்களை சாக்கால் டேபிளில் குறிக்காதீர்கள். கிளப்காரர் திட்டுவார் என்பது ஒரு பக்கம், அந்த மாவு பந்தில் ஒட்டி மோதலையும் கெடுக்கும். டயமண்டுகளை வைத்தே இடம் பிடிக்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கோப்புத் தாள் துளைகளுக்கு ஒட்டும் மெல்லிய காகித வளையம் ஒன்று போதும். அனுமதி கேட்டு ஒட்டி, போகும்போது எடுத்துவிடுங்கள்.

கவனம் கலைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அடியை நாற்பது முறை அடிக்கும்போது, பத்துக்குப் பிறகு கை முந்தைய அடியை நகல் எடுக்கிறது. கணக்குப் போடும் வேலை நின்றுவிடுகிறது. மதிப்பெண் கூடும், ஆனால் ஆட்டத்தில் அது உதவாது, அங்கே ஒரே அடி இரண்டு முறை வராது. ஆகவே எந்த அமைப்பும் பத்து அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, ஒவ்வோர் அடிக்கும் தாளை வேறு இடத்தில் வையுங்கள்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். நிமிர்ந்து நின்று இடத்தைச் சொல்லுங்கள், கோட்டைப் பாருங்கள், அதன் பிறகே குனியுங்கள். குனிந்தபின் இரண்டு மூன்று முறை க்யூவை ஓட்டிப் பார்த்து, ஒரு நொடி நிறுத்தி, அடியுங்கள். வெள்ளை நிற்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது. பார்க்கும் அவசரத்தில் எழும்போது தோளும் சேர்ந்து எழும், டிப் நினைத்த இடத்தில் படாது. குனிந்திருக்கும்போது வேறு நினைப்பு வந்தால், அந்த நிலையிலேயே குறியைத் திருத்தாமல் எழுந்துவிடுங்கள். மறுபடி முதலிலிருந்து. முதல் சில நாள் மணிக்கு இருபது முறையாவது எழ வேண்டியிருக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். பத்து அடி முடிந்ததும் டேபிளைவிட்டு விலகி, மதிப்பெண்ணை நோட்டில் எழுதி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். போனில் எழுத வேண்டாம், மதிப்பெண் எழுதப் போன கை வேறெங்கோ போய்விடும்.

8 அடி டேபிள் சிறியது, பழகிப் பயனில்லை என்று யாராவது சொன்னால், அமெரிக்கப் பூல் வீரர் வில்லி மோஸ்கோனி 1954இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ச்சியாக 526 பந்துகள் போட்டதும் 8 அடி டேபிளில்தான் என்று சொல்லுங்கள்.

கடைசி இருபது நிமிடம் ‘கோஸ்ட்’ ஆடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எதிராளி தவறே செய்யமாட்டார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பந்துகளைக் கையால் உருட்டிப் பரப்பி, வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்து, எண் வரிசையில் மூன்றையும் போடுங்கள். போட்டால் உங்களுக்கு ஒரு புள்ளி, ஒன்று தவறினாலும் அவருக்கு. முதலில் ஏழு எடுப்பவர் வென்றவர். இரண்டு முறை தொடர்ந்து வென்றால் நான்கு பந்து. தவறிய அடியைத் திரும்ப வைத்து அடித்துச் சமாதானம் தேடக் கூடாது.

தோற்ற ஒவ்வொரு முறையும் நோட்டில் ஓர் எழுத்துப் போடுங்கள். பந்தே விழவில்லையென்றால் ‘ப’. திசை தவறினால் ‘தி’. வேகம் தவறினால் ‘வே’. அடி சரியாக வந்தும் வெள்ளை நின்ற இடமே பயனில்லாததாக இருந்தால் ‘மு’, முடிவு தப்பு. ‘ப’ அதிகமானால் அடுத்த நாள் ஸ்டாப் ஷாட்டுக்குக் கூடுதல் நேரம், ‘தி’ என்றால் ஒரே பந்தை மூன்று விதமாகப் போடும் பயிற்சி, ‘வே’ என்றால் தாள். ‘மு’ நிறைய இருந்தால் க்யூவைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது பந்திலிருந்து பின்னோக்கி யோசித்து, முதல் பந்துக்கு வெள்ளையை எங்கே வைப்பது என்று சொல்லிப் பழகிய பிறகு அடிக்கத் தொடங்குங்கள்.