எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லையா? பார்டிஷன் தொடங்கும் இடத்தைப் பாருங்கள்

செங்கோட்டையில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அனுப்பும் கடையின் பில்லிங் கம்ப்யூட்டர். பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஹார்ட் டிஸ்க்கைப் புது எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, அதே பார்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) விண்டோஸ் 10 போட்டும் பில் சேவ் ஆக இழுக்கிறது என்கிறீர்கள்.

முதல் சந்தேகம் பார்டிஷன் மேல்தான். முதல் பார்டிஷனை எக்ஸ்பி 63-ஆம் செக்டாரில் (செக்டார் என்பது டிஸ்க்கின் 512 பைட் துண்டு) தொடங்கும். 63 × 512 = 32,256 பைட்; இது 4,096-ஆல் (4 கேபி) மீதியின்றி வகுபடாது. அதனால் விண்டோஸ் எழுதும் ஒவ்வொரு 4 கேபி துண்டும் எஸ்எஸ்டியின் 4 கேபி எல்லையைத் தாண்டி விழுகிறது. ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் இரண்டைப் படித்து, திருத்தி, மறுபடி எழுத நேரும். வேகம் குறையும், எஸ்எஸ்டியின் ஆயுளும் தேயும். பில்லிங் போலச் சின்னச் சின்னதாக எழுதும் வேலையில்தான் அடி அதிகம். பெரிய வீடியோ ஃபைல் காப்பி செய்தால் அவ்வளவாகத் தெரியாது.

ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் (msinfo32) அடித்து, காம்பொனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போய், பார்டிஷன் ஸ்டார்டிங் ஆஃப்செட் (பார்டிஷன் தொடங்கும் இடம், பைட் கணக்கில்) எண்ணைப் பாருங்கள். 1,048,576 (அதாவது 1 எம்பி) என்றால் சரி. 32,256 என்றால் கோளாறு அதுதான். ஃபார்மட் செய்தாலும் தொடக்க இடம் நகராது. டேட்டாவை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது எல்லா பார்டிஷனையும் டிலீட் செய்து, அன்அலொகேட்டட் (பிரிக்காத காலி) இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ் எல்லாமே 1 எம்பி எல்லையில் தானே அமைத்துக்கொள்ளும். டிலீட் செய்யுமுன் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் தவறானதை அழித்துவிடுவீர்கள்.